வைத்தவன் கடன்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கையில் காசில்லாதவனுக்கும், பெண்ணுக்கு வரன் அமையாத தகப்பனுக்கும், பரீட்சையில் தவறிய பையனுக்கும் இதைச் சொல்லித்தான் ஆறுதல் கூறுவோம். மரம் என்றால் நாம். வைத்தவன் என்றால் கடவுள். உண்டாக்கியவனுக்குப் பொறுப்பு உண்டு, அவன் கைவிட மாட்டான் என்பது கருத்து. கேட்பவனுக்கு மனம் குளிரும், சொல்பவனுக்குச் செலவில்லை. இந்த இரண்டு காரணங்களாலும்தான் அந்தப் பழமொழி இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நானும் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். என் நாவல்களில் குறைந்தது இரண்டு கிழவர்களைச் சொல்ல வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் என்னையே பார்த்துச் சொல்லப்பட்டதாக இருக்கலாம் என்று 2019-ஆம் வருஷத்துச் சித்திரை மாதம் வரையில் எனக்குத் தோன்றியதில்லை.

சென்னைக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்து இப்போது வீடுகளாகிவிட்ட ஒரு புறநகரில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் உறை இறக்கிய கிணறு ஒன்று. அதற்கும் மதில் சுவருக்கும் நடுவே இருபதடி நீளமும் பத்தடி அகலமுமாக ஒரு துண்டு நிலம். அதில் பல வருஷங்களாக உடைந்த நாற்காலியும் பழைய டயரும்தான் விளைந்துகொண்டிருந்தன. அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் எனக்குத் திடீரென்று விவசாய ஞானம் பிறந்தது. எழுதுகிறவனுக்கு இம்மாதிரி ஞானம் பிறப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு நாவல் நடு அத்தியாயத்தில் நகராமல் நின்றுவிட்ட சமயமாகத்தான் இருக்கும். அப்போதும் அப்படித்தான். பேனாவை மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.

தை கடைசியில் பன்னிரண்டு கத்தரி நாற்றுகளை நட்டேன். இரண்டு வரிசை வெண்டை ஊன்றினேன். ஒரு மூலையில் பந்தல் போட்டு இரண்டு புடலை விதைகளைப் போட்டேன். மிச்ச இடத்தில் தண்டுக்கீரை தூவினேன். கீரை நாலாவது நாளே பச்சைத் தூள் கொட்டியதுபோல் முளைத்துவிட்டது. வெண்டை ஆறாம் நாள் மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு எழுந்தது. எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தபோதுகூட நான் இத்தனை தடவை எட்டிப் பார்க்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. காலையில் காப்பிக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம், தபால் வரும் நேரத்தில் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு டார்ச்சு விளக்குடன் ஒரு தரம் என்று கொல்லைக்கே காவற்காரனாகிவிட்டேன்.

பங்குனியில் வெயில் ஏறியது. ஒரு நாள் மத்தியானம் கொல்லைக்குப் போனவன் பதறிப் போனேன். புடலைக் கொடியின் அகன்ற இலைகளெல்லாம் நனைந்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தேன். அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்த என் பாட்டி, திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மத்தியானத்து வாட்டத்தைப் பாத்து ஏமாறாதேடா. விடியற்காலையிலே வாடியிருக்கான்னு பாரு. அப்ப வாடியிருந்தா அதுதான் தாகம்" என்றாள்.

நான் நம்பவில்லை. ஆனாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தேன். மாலை ஐந்தரை மணிக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே, அத்தனை இலைகளும் நிமிர்ந்து விறைத்து நின்றன. பிற்பாடு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்: உச்சி வெயிலில் இலையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாது; மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். வெயில் தாழ்ந்ததும் கணக்கு நேராகிவிடும். இரவெல்லாம் வேர் உறிஞ்சியும் விடியும்போது இலை தொங்கினால்தான் மண்ணில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பாட்டி எந்தப் புத்தகமும் படித்தவள் அல்ல. அன்று அவள் சொன்னதைச் செடி வளர்க்கும் யுக்தி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அது மனிதர்களுக்கும் பொருந்தும் என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

அந்த வருஷத்தைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தைச் சொம்பால் மொண்டு வெளியே கொட்டிய அதே ஜனங்கள், நாலு வருஷத்துக்குள் ஒரு சொம்புத் தண்ணீருக்கு அலைந்தார்கள். 2018-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை சென்னையை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் 2019 கோடையில் அநேகமாக வறண்டு, அடித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் தெருவில் முதலில் ஆழ்குழாய்க் கிணறுகள் ஒவ்வொன்றாக மூச்சுவிட ஆரம்பித்தன. மோட்டாரைப் போட்டால் தண்ணீருக்குப் பதில் காற்று வரும். எங்கள் உறைக்கிணறு மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது. தையில் எட்டு உறைக்கு நின்ற தண்ணீர் சித்திரை பிறந்தபோது இரண்டு உறைக்கு வந்திருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கயிறும் வாளியுமாக இறைத்துக்கொண்டிருந்தோம்.

பின்தெருவில் ஓர் அம்மாள், தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். கணவன், இரண்டு குழந்தைகள், ஒற்றை அறை வீடு. எங்கள் வீட்டுத் துணிகளும் அவளிடம்தான் போகும். பங்குனியிலிருந்து அவள் தினமும் காலையில் எங்கள் கொல்லைக் கதவைத் தட்டி இரண்டு குடம் தண்ணீர் எடுத்துப் போவாள். என் மனைவி கொடுத்த அனுமதி அது. நான் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்கும் அளவுக்குக் கவனிக்கவும் இல்லை.

கிணற்றில் இரண்டு உறைத் தண்ணீரைக் கண்ட அன்று நான் கணக்குப் போட்டேன். தோட்டத்துக்குத் தினமும் ஆறு குடம். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தொண்ணூறு லிட்டர். வெண்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டிய பருவத்தில் நின்றது. கத்தரி கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஊதாப் பூவும் பிஞ்சுமாக இருந்தது. புடலை அப்போதுதான் சாண் நீளத்துக்குப் பிஞ்சு விட்டிருந்தது; அது வளையாமல் நேராக வளர வேண்டுமென்று நுனியில் நூலால் ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இத்தனையும் என்னை நம்பி நிற்கின்றன. கணக்கு எப்படிப் போட்டும் துண்டு விழுந்தது. கடைசியில் மனைவியிடம் சொன்னேன்:

"நாளையிலிருந்து அந்தம்மாளை ஒரு குடம் எடுத்துக்கச் சொல்லு. கிணறு இருக்கிற லட்சணத்தில் இரண்டு கட்டாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொல்லையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷ தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த சந்தர்ப்பங்களைத்தான் நான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து முதல் கத்தரிக்காய்ப் பறிப்பு. ஒரு முறம் நிறையக் காய், கைப்பிடி வெண்டை. அந்தச் சந்தோஷத்தை என்னென்று சொல்வது! கடையில் வாங்கினால் சொற்பக் காசுதான் ஆகும். ஆனால் அன்று நான் குறுநில மன்னன்போல் உணர்ந்தேன். மன்னனுக்கு அடுத்தபடியாகத் தோன்றுவது தானம்தானே? பக்கத்து வீட்டுக்கு நாலு, மாடி வீட்டுக்கு நாலு என்று பகிர்ந்தேன். அந்தச் சமயம் இஸ்திரிக்கார அம்மாள் தன் ஒரு குடத்தை நிரப்பிக்கொண்டு நின்றாள். அவள் கையிலும் ஆறு காய்களைக் கொடுத்தேன். "மருந்தே அடிக்காத காயம்மா. இன்னிக்கே பண்ணிச் சாப்பிடுங்க" என்றேன்.

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். காய்களைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு பளபளன்னு இருக்குய்யா! சின்னவளுக்குக் கத்தரிக்காய்னா உசிரு" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "இதைக் கழுவி வேக வைக்க மட்டும் ஒரு சொம்புத் தண்ணி சேத்து எடுத்துக்கவாய்யா?" என்று கேட்டாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. அதை நான் திட்டமாகச் சொல்ல முடியும். அவள் முகத்தில் ஏளனமோ வருத்தமோ இல்லை. சமைக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், அனுமதி கேட்டாள், அவ்வளவுதான். அவள் குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன். "எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். என் காலடியில் முறம் நிறையக் கத்தரிக்காய் பளபளத்தது. அந்தப் பளபளப்பு யாருடைய தண்ணீர் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று பகலெல்லாம் எனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் தவறு செய்தவன் தனக்குத்தானே வக்கீலாகும்போது எத்தனை சாமர்த்தியசாலியாகிவிடுகிறான் என்பது ஆராயத் தக்க விஷயம்.

முதல் வாதம் சட்டம். கிணறு என்னுடையது. வக்கீல் சிநேகிதர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார்: 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, வரையறுத்த வாய்க்காலாக ஓடாமல் தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்த நிலத்துக்காரனுக்கு உரிமை உண்டு. நல்லது. ஆனால் தண்ணீருக்குச் சட்டம் தெரியுமா? மதில் சுவர் தரைக்குக் கீழே இரண்டடியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பின்தெருவும் எங்கள் தெருவும் ஒரே மண். நான் ஆறு குடம் இறைத்தபோது அவற்றில் எத்தனை குடம் என் பட்டா எல்லைக்குள் ஊறியது, எத்தனை குடம் அவள் வீட்டு அடுப்படிக்கு அடியிலிருந்து கசிந்து வந்தது என்று யார் அளந்தார்கள்? சட்டம் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அனுமதி இருப்பதும் நியாயம் இருப்பதும் ஒன்றாக இருந்துவிட்டால் உலகத்தில் மனச்சாட்சிக்கு வேலையே இல்லை.

இரண்டாவது வாதம் உழைப்பு. வெட்டியவன் நான், விதைத்தவன் நான், புழு பொறுக்கியவன் நான், வேப்பெண்ணெய் தெளித்தவன் நான். இந்த வாதம் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றது. பிறகு, நெருப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சித்திரை வெயிலில் நாள் பூராவும் நின்று ஊர்த் துணியைத் தேய்க்கும் ஒருத்தியின் எதிரே நான் உழைப்பைப் பற்றிப் பேசுவதாகக் கற்பனை செய்து பார்த்தேன். வாதம் தானாகவே உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது வாதம் அப்படி லேசாகத் தள்ளக் கூடியதல்ல. அதுதான் அந்தப் பழமொழி. எங்கோ விதைப் பொட்டலத்தில் தூங்கிக்கொண்டிருந்த உயிரை எழுப்பிக்கொண்டு வந்து இந்தக் கொல்லையில் வைத்தவன் நான். காட்டுச் செடிக்கு என்மேல் பாத்தியதை இல்லை. அது தன் வேரை நம்பி முளைத்தது. கத்தரியும் புடலையும் என் வாளியை நம்பி முளைத்தவை. தாவரங்கள் தூண்டுதலுக்கு எதிர்வினை காட்டுவதைக் கருவி கொண்டு அளந்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். அந்த எதிர்வினைக்கு வலி என்று பெயர் சொல்லலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம்பியதைக் கைவிடுவது ஒரு துரோகம்தான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் ஆசை மட்டுமல்ல, என் கடன். கடனை அடைக்கிறவனை யார் குற்றம் சொல்ல முடியும்?

இந்த இடத்தில்தான் எனக்குப் பாரியின் ஞாபகம் வந்தது. படர்வதற்குக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே கொடுத்துவிட்டு நடந்து போனான் பறம்பு மலைத் தலைவன். ஒரு பந்தக்கால் போதுமே, தேர் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாத்தியாரை மடக்கியிருக்கிறோம். கணக்குப் பார்க்காமல் கொடுப்பதுதான் கொடை என்று அவர் பதில் சொன்னார். அழகான பதில்தான். ஆனால் பாரி கொடுத்தது அவனுடைய தேரை. அவன் முல்லைக்காக வேறு யாருடைய வண்டியையும் பிடுங்கவில்லை. நானோ முல்லைக்கு இஸ்திரிக்காரியின் தள்ளுவண்டியைக் கொடுத்துவிட்டுப் பாரியாகிவிடப் பார்த்தேன்.

என் வாதத்தின் ஓட்டை அங்கேதான் இருந்தது. கடன் என்னவோ உண்மையான கடன்தான். ஆனால் அது நான் என் சந்தோஷத்துக்காக வாங்கிய கடன். அதை அடுத்த வீட்டுக் குழந்தையின் சொம்பிலிருந்து எடுத்து அடைக்க எனக்கு அதிகாரம் இல்லை. தன் பெண் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்திவிட்டுக் கடன்காரனுக்குத் தம்பியின் பங்கை எழுதிக் கொடுக்கிற அண்ணனை நாம் யோக்கியன் என்று சொல்வதில்லை. கடனை நாணயமாக அடைத்தான் என்று வேண்டுமானால் கடன்காரன் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் பயிரிடம் இரக்கம் காட்டுவதே தவறா? மனிதர்கள் தவிக்கும்போது செடிக்கு உருகுவது சுகவாசிகளின் பொழுதுபோக்கா? அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் பயிரின் துன்பத்தையும் தம் துன்பமாக உணர்ந்த ஒருவர் இருந்தார். இராமலிங்க அடிகளைத்தான் சொல்கிறேன். அவர் பயிருக்காக உருகியதோடு நிற்கவில்லை. 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி, கோடை நடுவே, வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். பசித்து வந்தவர்களுக்கு எந்தப் பேதமும் பாராமல் சோறு போட மூட்டிய அடுப்பு அது. இன்றும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. செடிக்கு இரங்கிய மனம் மனிதனிடம் வந்து சேர்ந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இரக்கம் என்பது ஊற்று. அது செடியில் புறப்படலாம், நாய்க்குட்டியில் புறப்படலாம், எங்கே வேண்டுமானாலும் புறப்படலாம். எங்கே புறப்பட்டதோ அங்கேயே தேங்கிவிட்டால்தான் பாசி பிடித்துப் போகிறது. என்னுடையது மதில் சுவருக்குள் தேங்கியிருந்தது.

பாட்டி சொன்ன வார்த்தை அப்போது என் காதில் வேறு விதமாக ஒலித்தது. மத்தியானத்து வாட்டம் ஒன்று, விடியற்காலை வாட்டம் ஒன்று. நான் பன்னிரண்டு கத்தரிச் செடிகளின் மத்தியான வாட்டத்துக்குப் பதறிக்கொண்டு ஓடினேன். விடியற்காலையில் கதவைத் தட்டிய வாட்டத்தை ஒரு குடமாகக் குறைத்துவிட்டேன். கண்ணுக்கு எதிரே தொங்குகிற இலை சுலபமாகத் தெரிகிறது. சிரித்த முகத்தோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவளின் தாகம் தெரிவதில்லை. தொங்காமல் நிற்பதற்கு மனிதர்கள் பழகியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை இஸ்திரிக்கார அம்மாளிடம் பழையபடி இரண்டு குடம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு தோட்டத்துக்குப் போய் நின்றேன். இனி தோட்டத்துக்குக் கிடைக்கக் கூடியது அரிசி களைந்த நீரும், காய்கறி கழுவிய நீரும், மிஞ்சினால் ஒரு குடமும்தான். பன்னிரண்டில் எந்தக் கத்தரி? காய்க்கிறதா, பூத்திருக்கிறதா, நோஞ்சானா? ஒரு நாவலில் எந்தப் பாத்திரம் சாக வேண்டும் என்று தீர்மானிப்பது எனக்குப் பழக்கம்; அதற்காக ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. இங்கே ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று நின்று நகர்ந்தேன். கடைசியில் மூன்று கத்தரியையும் கிணற்றடிக் கறிவேப்பிலைக் கன்றையும் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். வேம்பு உதிர்த்திருந்த சருகுகளை அள்ளி வந்து அவற்றின் அடியில் கனமாகப் பரப்பினேன். மண்ணை அப்படி மூடிவிட்டால் வெயில் ஈரத்தை நேராக உறிஞ்சாது; கொஞ்சத் தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும். இந்த உபாயம் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. தண்ணீர் இருந்தவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

மற்றவை போயின. கீரை இரண்டு நாளில் போயிற்று. வெண்டை மஞ்சளாகி, கடைசிக் காய்களை நாராக முற்றவிட்டுப் போயிற்று. புடலைதான் வெகு நாள் போராடியது. மே 4-ஆம் தேதி கத்தரி வெயில் என்று நாம் சொல்லும் அக்கினி நட்சத்திரம் பிறந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாட்டி சொன்ன தாகம் இதுதான் என்று தெரிந்தது. தெரிந்தும் திரும்பி வந்தேன். பத்து நாள் கழித்துப் பந்தலில் காய்ந்த கொடியும், அதில் சுருங்கிப்போன ஒரு பிஞ்சும், அதன் நுனியில் நான் கட்டிய கூழாங்கல்லும் மிச்சம் இருந்தன. காற்றடித்தால் கல் மட்டும் மெல்ல ஆடும். நேராக வளர வேண்டுமென்று நான் கட்டிய கல்!

நான் செய்தது சரிதான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் சரியானதைச் செய்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று கதைகளில் எழுதுகிறோமே, அது பொய். இரண்டு கடன்களில் பெரியதை அடைத்துவிட்டால் சின்னது ரத்தாகிவிடாது. அடைக்கப்படாத கடனாகவே நிற்கும். அந்தக் கல்லை நான் வெகு நாள் அவிழ்க்கவில்லை.

ஆனியில் எங்கள் கிணறும் வற்றியது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. நெல்லும் நிலக்கரியும் ரயிலில் வரும், தண்ணீரும் வரும் என்று பாட்டியிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அந்த நாட்களில் தெருமுனைக்கு வரும் லாரிக்கு நானும் குடத்தோடு போய் நின்றேன். அங்கே மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை. குடங்கள்தாம் நிற்கும், மனிதர்கள் நிழலில் ஒதுங்கியிருப்பார்கள். முதல் நாள் நான் போனபோது வரிசை பாதித் தெருவுக்கு நீண்டிருந்தது. எங்கே வைப்பதென்று விழித்துக்கொண்டிருந்தவனை இஸ்திரிக்கார அம்மாள் கூப்பிட்டாள். "ஐயா, இங்க கொண்டாங்க. உங்களுக்குன்னு எங்க பழைய குடத்தைப் போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

இதைப் பிரதியுபகாரம் என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிடலாம். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது உண்மையல்ல. அதற்கு முன்னால் மாடி வீட்டுக் கிழவருக்கும், யாரென்றே தெரியாத ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கும் அவள் அப்படியே இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். நான் ஒரு குடமாகக் குறைத்ததும் அவளுக்கு ஞாபகமில்லை, திரும்ப இரண்டாக்கியதும் ஞாபகமில்லை. என்னைப்போல் அவள் கணக்குப் போட்டு தர்மத்துக்கு வரவில்லை. அந்தத் தர்மத்திலேயே குடியிருந்தாள்.

பிற்பாடு யோசித்தபோது ஒன்று விளங்கியது. என் தவறு சித்திரையில் நேர்ந்ததல்ல, தையில் நேர்ந்தது. மழை பொய்த்துவிட்டது எனக்குத் தெரியும். மற்ற வருஷங்களில் பத்துப் பன்னிரண்டு உறைக்கு நிற்கும் கிணறு எட்டு உறையில் நின்றதையும் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் விதைத்தேன். சித்திரையில் நான் செய்யும்படி நேர்ந்த கொலைகளுக்கெல்லாம் தையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தோட்டம் மட்டுமல்ல, உறவு, கடன், தொழில், பிள்ளை வளர்ப்பு எதிலும் நமக்கு ஏற்படும் தர்மசங்கடங்களில் பாதி, தொடங்கும்போது கிணற்றை எட்டிப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்ததனால் வருபவை. ஒரு வாசகி எனக்கு ஒரு சமயம் எழுதியிருந்தார்: "மூன்றாம் அத்தியாயத்தில் காசிக்குப் போன அத்தை என்ன ஆனாள்?" அந்த அத்தையை நான் மறந்தே போயிருந்தேன். வைத்தேன், தண்ணீர் ஊற்றவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்தவன், இப்போது அதை நினைத்தால் சிரிப்பதில்லை.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பதை இப்போது நான் யாருக்கும் ஆறுதலாகச் சொல்வதில்லை. எனக்கே உத்தரவாகச் சொல்லிக்கொள்கிறேன். ஊற்ற முடிந்த அளவுக்கு வை. உன் தண்ணீரை ஊற்று. கடவுள் தம் மரங்களுக்கு எப்படி ஊற்றுகிறார் என்பது அவர் பாடு.

ஒவ்வொரு தை முதல் தேதியும் பொங்கல் பானை இறக்கியதும், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தை அளக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இத்தனை, கொல்லைக் கதவைத் தட்டுகிறவர்களுக்கு இத்தனை என்று கழித்துவிட்டு, மிச்சத்துக்குத் தக்கபடி விதைக்கிறேன். சில வருஷம் பதினைந்து கத்தரி; சில வருஷம் ஐந்து. கயிற்றில் கட்டுகிற கல் எதுவென்று கேட்கிறீர்களா? புடலைப் பிஞ்சில் கட்டியிருந்த கூழாங்கல்தான்.